ஓர் அடிக் கொசுறு

யட்டியாந்தோட்டையில் ஒரு மெக்கானிக்கின் நல்ல பெயர் அரைச் செக்கனுக்கு விலைபோனது. பேசி முடித்தவர் கேதீசன் சேர். பருத்தித்துறைக்காரர், கேகாலையில் ஓர் அரச அலுவலகத்தில் கணக்காய்வாளர். பறிகொடுத்தவன் பிரதீபன், ரப்பர் தோட்டத்துத் தொழிலாளர் லயத்தில் பிறந்து, கடைத்தெருக் கோடியில் தகரக் கூரை போட்டுக் கராஜ் நடத்துபவன். இடையில் நின்றவன் நான், மாவனல்லையில் உதிரிப்பாகக் கடை வைத்திருக்கும் காமில். விற்பவனுக்கும் வாங்குபவனுக்கும் நடுவில் நிற்பதை எங்கள் குடும்பத்தில் நடக்கப் பழகும் முன்பே பழகிவிடுவோம்.

கேதீசன் சேரிடம், வேகம் கூட்ட டர்போ வைத்த சின்ன ஜப்பான் கார் ஒன்று உண்டு. அதில் ஒயில் கசிந்தது. பிரதீபன் டர்போவைக் கழற்றி, என் கடையில் வாங்கிய புது ஒயில் சீல் ஒன்றைப் போட்டு, திரும்பப் பூட்டிக் கொடுத்தான். வேறு மனிதர் என்றால் காரை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போயிருப்பார். சேர் அளந்து பார்த்தார்.

அவரிடம் தீப்பெட்டி அளவில் ஒரு கருவி இருந்தது. முன் கண்ணாடிக்குக் கீழே ஒட்டி வைத்தால் அது வானத்துச் சட்டலைட்டுகளைப் பிடித்து, நின்ற கார் அறுபது கிலோமீற்றர் வேகத்தை எட்ட எத்தனை செக்கன் ஆனது என்று ஃபோனுக்குச் சொல்லும். வண்டிக்குப் பிக்கப் இருக்கிறது, இல்லை என்று நாமெல்லாம் வாயால் சொல்வதை அது புள்ளி போட்டுச் சொல்லும். கராஜுக்கு வர முன் 6.2 செக்கன். கராஜிலிருந்து போன பின் 6.7. நல்ல டர்போவைப் பிரதீபன் எடுத்துக்கொண்டு, தேய்ந்த ஒன்றைப் பூட்டிவிட்டான் என்று சேர் முடிவுகட்டினார். இரண்டு இலக்கங்களையும் படம்பிடித்து, கராஜின் பெயரோடும் ஆளின் பெயரோடும், சப்ரகமுவக் கார்ப் பிரியர்களின் வட்ஸ்அப் குழுவில் சிங்களத்தில் போட்டார். கீழே வரிசையாக 'ஹொரா' என்று எழுதினார்கள். சிங்களத்தில் கள்ளனுக்கு இரண்டே எழுத்து. எழுதச் சுலபம்.

ஒரு கிழமைக்குள் கராஜ் வெறிச்சோடிப் போனது. பிரேக் பார்க்க விட்டிருந்த ஆட்டோவைக்கூட அதன் சொந்தக்காரன் வந்து, பிரேக் இல்லாமலே தள்ளிக்கொண்டு போனான். கராஜைப் பூட்டிவிட்டுக் கொழும்புக்கு ஏதாவது வேலைக்குப் போகிறேன் என்றான் பிரதீபன். அவன் மனைவி ஷாமிளா எனக்கு ஃபோன் எடுத்தாள். முஸ்லிம் அண்ணன்மாரை எங்கள் பக்கத்தில் எல்லோரும் 'நானா' என்றுதான் அழைப்பார்கள்.

"காமில் நானா, சீலு நீங்க குடுத்ததுதானே? நீங்களே சொல்லுங்க, எங்க வீட்டுக்காரரு திருடுற ஆளா?"

"திருடத் தெரிஞ்சிருந்தா இவ்வளவு நாளைக்கு எனக்குப் போட்டியாக் கடை போட்டிருப்பானே, புள்ள."

"கேலி பண்ணாதீங்க நானா. ரெண்டு நாளா சாப்பிடல அது."

நான் கேலியை நிறுத்திவிட்டுச் சேருக்கு ஃபோன் எடுத்தேன். எல்லோருக்கும் முன்னால் இன்னொரு தரம் அளந்து காட்டுங்கள் என்றேன். மறு எண்ணிக்கை கேட்டால் மறுக்கிற கணக்காய்வாளர் இன்னும் பிறக்கவில்லை. வருகிறேன் என்றார்.

இடம் தேடுவதுதான் பெரும்பாடு. அந்தப் பெட்டி சமதரை கேட்டது. ஏற்றத்திலும் இறக்கத்திலும் ஓடிய ஓட்டம் செல்லாது என்று திரையில் சிவப்பில் போட்டுவிடுமாம். எங்கள் பக்கத்திலோ சமதரை என்று சொல்ல வீட்டுக்குள் இருக்கும் சீமெந்துத் தரைதான் உண்டு. கடைசியில் ஆற்றோரமாக ரப்பர் ஸ்டோருக்குப் போகும் தோட்டத்துப் பாதை நினைவுக்கு வந்தது. ஸ்டோர் லொறிகளுக்கு டயர் கொடுப்பவன் நான், ஞாயிற்றுக்கிழமைக்கு அனுமதி வாங்குவது கஷ்டமாக இல்லை. மாசி மாதம் வேறு. ரப்பர் மரங்கள் இலை முழுவதையும் கொட்டிவிட்டு நின்றன. சட்டலைட்டுக்குத் திறந்த வானம் கிடைத்தது.

ஞாயிறன்று சேர் ஓட்டிய முதல் ஓட்டம் 6.7. இரண்டாவதும் 6.7. மூன்றாவது 6.8.

"பாத்தியளே?" சேர் காரைவிட்டு இறங்கினார். "நான் என்ன, பொய்யே சொன்னனான்? இலக்கம்தான் கதைக்குது."

ஸ்டோர் படிக்கட்டில் உட்கார்ந்திருந்த பிரதீபன் எழுந்தான். "சேர், இப்பவே கழட்டிக் காட்டுறேன். டர்போவுல நம்பர் அடிச்சிருக்கும், பாருங்க."

"பழைய நம்பர் என்னட்ட எங்க இருக்கு, தம்பி? எதோட ஒப்பிடுறது?"

"அப்ப வாயி அந்தப் பொட்டிக்கு மட்டுந்தான்," என்றாள் ஷாமிளா. "எங்களுக்கு இல்ல."

பிரதீபன் மறுபடி உட்கார்ந்தான். கொழும்பு பஸ் எத்தனை மணிக்கு என்று யோசிப்பவன் முகம்.

நான் வளர்ந்தது வாப்பாவின் துணிக்கடையில். வாப்பா துணி அளக்கும்போது முதல் நாலு விரலைக் கணக்கில் சேர்க்கமாட்டார். அதைத் தாண்டிய பிறகே கோல் விழும். அந்த நாலு விரல் கொசுறு. எதிர்க்கடைக்காரர் நூலிழை பிசகாமல் அளப்பார். ஆகவே இரண்டு கடையிலும் வாங்கிய ஒரு கெஜம் வீட்டுக்குப் போனால் ஒரே கெஜமாக இருக்காது. இதனால் யார் எதை அளந்தாலும் எனக்கு முதலில் வாயில் வரும் கேள்வி ஒன்றுதான்.

"சேர், இந்தப் பொட்டி எங்க இருந்து எண்ணத் தொடங்குது? கார் அசைஞ்ச ஒடனயா, இல்ல கொஞ்சம் கொசுறு விட்டுட்டா?"

"நானா, சட்டலைட்டும் கொசுறு குடுக்குமே?" சேர் வாய்விட்டுச் சிரித்தார். அந்தச் சிரிப்பு முடிவதற்குள் முகம் மாறிவிட்டது. ஃபோனை எடுத்தார். குழுவில் தானே போட்ட பழைய படத்தை விரித்துப் பெரிதாக்கினார். 6.2க்குக் கீழே எறும்பு போல ஒரு வரி.

"இருக்கு," என்றார்.

"என்ன இருக்கு?"

"கொசுறு. ஒரு அடி." அவர் குரல் இறங்கிப்போயிருந்தது. "பந்தயக்காரரின்ர வழக்கம் அது. கார் முதல் ஒரு அடி உருண்டாப் பிறகுதான் நேரம் ஓடத் தொடங்கும். வேணுமெண்டா அதைப் போடலாம், வேண்டாமெண்டா நிப்பாட்டலாம். பழைய ஃபோனில போட்டிருந்தனான். போன மாசம் ஃபோன் மாத்தினனான். புதுசில அது போடுபடேல்ல."

"ஒரு அடிக்கு அரைச் செக்கனா?" நான் நம்பவில்லை. எங்கள் கடையில் நாலு விரலுக்கு இவ்வளவு மதிப்பு இருந்ததில்லை.

"நிண்ட கார் எழும்பிற அடியெல்லே. அதுக்குத்தான் கூட நேரம் பிடிக்கும்."

சேர் திரையில் ஓரிடத்தைத் தொட்டு, அந்த ஓர் அடிக் கொசுறைப் போட்டார். கார் மூடிய கதவுகளோடு எங்கள் முன்னால் சும்மா நின்றுகொண்டிருந்தது. சற்றுமுன் ஓடிய முதல் ஓட்டத்தில் 6.7 என்றிருந்தது 6.2 ஆனது.

"அடியாத்தி," என்றாள் ஷாமிளா. "வண்டி நின்னுகிட்டே ஓடிருச்சே!"

அவளுக்கு அது போதவில்லை. உண்மையாகவே ஓட்டிக் காட்டச் சொன்னாள். சேர் ஏறினார். கார் உதிர்ந்த இலைகளைக் கிளப்பிக்கொண்டு போய், திரும்பி வந்தது. கண்ணாடியை இறக்கி, பள்ளிக்கூடத்தில் பெறுபேறு வாசிப்பவர் போல, "ஆறு தசம் ஒண்டு" என்றார்.

பிரதீபன் காரருகே வந்தான். பொனற்றின் மேல் இரண்டு கைகளையும் வைத்து, காய்ச்சல் விட்ட பிள்ளையைத் தொட்டுப் பார்ப்பவன் போலச் சிறிது நேரம் நின்றான். பிறகு ஆற்றுக்கு இறங்கி முகத்தைக் கழுவினான். நெடுநேரம் கழுவினான். திரும்பி வந்ததும் மனைவியிடம் அவன் கேட்டது, "திங்கிறதுக்கு என்னா இருக்கு?"

ஷாமிளா பையிலிருந்து ரொட்டியை எடுத்துக் கொடுத்துவிட்டு, முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, சேர் பக்கம் திரும்பினாள். அவளுக்கு இன்னும் வேலை பாக்கி இருந்தது.

"குரூப்புல போடுங்க சேர்."

சேர் மரத்தடியில் நின்றபடி எழுதி, தமிழில் வாசித்துக் காட்டினார். "அளவீட்டு முறையில் ஏற்பட்ட ஒரு மாறுபாட்டின் காரணமாக, முன்னர் வெளியிடப்பட்ட பெறுபேறு..."

"இருங்க சேர். இதுல யாரு தப்புப் பண்ணுனது? மழையா?" என்றாள் ஷாமிளா.

இனி என் தொழில், பேரம். ஷாமிளா கேட்டது: பிரதீபன் பெயர், கராஜ் பெயர், இரண்டு படங்கள், 'நான் பிழை செய்தேன்' என்ற வரி. சேர் கராஜ் பெயரையும் படங்களையும் உடனே கொடுத்தார். ஆளின் பெயருக்குச் சற்று இழுத்து, கொடுத்தார். 'நான்' என்ற சொல்லில் வந்து அடம்பிடித்தார்.

"நானா, அந்தக் குழுவில என்ர மேலதிகாரியும் இருக்கிறார்."

"அவரும் ஹொரான்னு எழுதினாரா?"

சேர் செருமினார். "ஓம்."

"அப்ப திருத்திக்க அவருக்கும் ஒரு வரி தேவைப்படுது. போடுங்க."

போட்டார். நான் வாங்கிக்கொடுத்த சொற்களில் அந்த 'நான்' என்பதைவிடச் சிறியதும் இல்லை, அதைவிட இறுக்கிப் பிடிக்கப்பட்டதும் இல்லை.

ஆற்றங்கரையில் சிக்னல் இல்லாததால் கடைத்தெருவுக்கு ஏற வேண்டியிருந்தது. சேர் சாவியைப் பிரதீபனிடம் நீட்டினார்.

"நீ ஓட்டு, தம்பி."

"சேர், நாலு பேரு. ஏத்தம்."

"உன்ர வேலையை நீயே ஓட்டிப் பார்."

சேர் முன்னால், நானும் ஷாமிளாவும் பின்னால் முட்டியும் முட்டியும் இடிக்க உட்கார்ந்தோம். பிரதீபன் மிதித்தான். அந்தச் சின்னக் கார் முனகாமல் வளைவுகளை விழுங்கிக்கொண்டு ஏறியது. கைப்பிடியை இறுகப் பிடித்திருந்த சேர், யாரும் கேட்காமலே சொன்னார்: "மெல்ல, மெல்ல. பிக்கப் இருக்கு, ஒத்துக்கொள்ளுறன்." பின்னால் ஷாமிளா சிரித்தாள். அன்று அவள் சிரித்த முதல் சிரிப்பு அதுதான்.

தேத்தண்ணிக் கடை வாசலில் சிக்னல் வந்தது. செய்தி போனது. நாங்கள் உட்கார்ந்து குடித்தோம், பிறகு இன்னொரு தரம் குடித்தோம். முதலில் யாரோ "அனே, பவ்" என்று பரிதாபப்பட்டு எழுதினார்கள். பிறகு மேலதிகாரி ஒரு கும்பிட்ட கை படம் மட்டும் அனுப்பினார். இருட்டும் நேரத்தில் பிரதீபனின் ஃபோன் அடித்தது. ஆட்டோக்காரன். நாளைக்குக் கராஜ் திறக்குமா என்று கேட்டான்.

"தொறக்கும்," என்றான் பிரதீபன். "பிரேக்கு புடிக்காத வண்டிய ஓட்டிகிட்டு வராத. தள்ளிகிட்டே வா."

சேர் கோப்பையைத் தள்ளி வைத்தார். குழுவில் ஒரு செய்தியை எத்தனை பேர் வாசித்தார்கள் என்று பார்க்க ஒரு வழி உண்டாம். கணக்காய்வாளர் குரலில் ஷாமிளாவுக்கு வாசித்துக் காட்டினார்.

"ஹொராச் செய்தி வாசிச்சவை நூற்றி எண்பத்தேழு பேர். திருத்தம் வாசிச்சவை, இந்த நேரம் வரைக்கும், நூற்றி எண்பத்திரண்டு."

"அப்ப?"

"பாக்கி அஞ்சு."