பதினான்காம் அறையின் எண்

சுவரை உடைக்கக் கூடாது என்பதுதான் பெரிய டாக்டர் போட்ட ஒரே நிபந்தனை. அடையாறில் அவருடைய நர்சிங் ஹோம் இருந்தது அவர் மாமனார் காலத்துப் பங்களாவில். அந்தச் சுண்ணாம்புச் சுவரில் உளி வைத்தால் ஒரு சாண் கேட்ட இடத்தில் ஒரு முழம் பெயர்ந்து வரும். படுக்கையருகே அழைப்பு மணி பொருத்த வந்தவர்கள் எல்லோரும் ஒயர் இழுக்காமல் முடியாது என்று சொல்லித் திரும்பிப் போனார்கள். தி.நகரில் துணிக்கடை மாடியில் சின்னதாக ஆபீஸ் வைத்திருந்த வேம்பு மட்டும், "புது ஒயரே வேண்டாம் டாக்டர். சுவத்துக்குள்ள ஏற்கெனவே ஓடிண்டிருக்கிற கரண்ட் ஒயரே போறும்" என்றார்.

அந்தப் பேச்சை நிஜமாக்கியவள் ஃபிர்தௌஸ். மயிலாப்பூர் கச்சேரி ரோட்டுப் பெண். எலெக்ட்ரானிக்ஸ் படித்துவிட்டு அவள் ஏறி இறங்கிய கம்பெனிகளில் எல்லாம் கல்யாணம் எப்போது என்றுதான் முதலில் கேட்டார்கள். வேம்பு கேட்கவில்லை. மேஜையில் கிடந்த ஒரு போர்டைத் தள்ளி, "இது ஏன் பேச மாட்டேங்கறது பாரு" என்றார். சாயங்காலத்துக்குள் அவள் அதைப் பேச வைத்தாள். அன்றிலிருந்து அங்கேதான் வேலை. வேம்பு சார் சொன்னால் அவளுக்கு மறுபேச்சு கிடையாது.

அறைக்கு ஒன்றாகப் பிளக்கில் செருகிய சின்னப் பெட்டி. அதிலிருந்து தொங்கும் ஒயரின் நுனியில் ஒரு பொத்தான். நோயாளி அழுத்தினால் பெட்டி தன் எண்ணைக் கரண்ட் ஒயர் வழியாகவே கீழே அனுப்பும். நர்சுகளின் மேஜையில் மணி அடிக்கும். பலகையில் அந்த எண்ணுக்குரிய விளக்கு எரியும். பெட்டியின் முதுகில் இருக்கும் சிறிய சக்கரத்தை ஸ்க்ரூ டிரைவரால் திருப்பி எந்த எண்ணில் நிறுத்துகிறோமோ அதுதான் அதன் விலாசம். எந்தெந்தப் பெட்டி உயிரோடு இருக்கிறது என்று பார்ப்பதற்கு மேஜையோரம் ஒரு கம்ப்யூட்டர். கறுப்புத் திரையில் ‘லிஸ்ட்’ என்று அடித்தால், அது ஒவ்வோர் எண்ணாகக் கூப்பிட்டுப் பார்த்து, பதில் வந்த எண்களை ஒன்றன்கீழ் ஒன்றாகக் காட்டும். அந்தக் கட்டளையை எழுதியதும் ஃபிர்தௌஸ்தான். முதல் தடவை எல்லா எண்களும் வரிசையாக வந்து நின்றபோது, பள்ளிக்கூடத்தில் எல்லாப் பிள்ளைகளும் ‘உள்ளேன்’ சொன்ன மாதிரி அவளுக்கு மனசு நிறைந்தது.

தொண்ணூற்றாறாம் வருஷம். தங்கையின் கல்யாணத்துக்காக அவள் ஆம்பூர் போயிருந்த வாரத்தில் பதினான்காம் அறைப் பெட்டி பழுதானது. வேம்பு அலமாரியில் இருந்த மாற்றுப் பெட்டியை எடுத்துக் கொடுத்தனுப்பினார். நர்சிங் ஹோம் எலெக்ட்ரீஷியன் அதைச் செருகி, பொத்தானை அழுத்தி, கீழே மணிச் சத்தம் கேட்டதும் வேலை முடிந்தது என்று போய்விட்டார். பலகையில் எந்த விளக்கு எரிந்தது என்று யாரும் பார்க்கவில்லை.

ஃபிர்தௌஸ் திரும்பி வந்ததும் வேம்பு, "அடையார் ஒரு நடை போய் லிஸ்ட் போட்டுப் பாத்துடு" என்று சொல்லத்தான் செய்தார். அன்றைக்குப் பார்த்து ஒரு ஹோட்டலிலிருந்து மணியை இயக்கிக் காட்டச் சொல்லிக் கூப்பிட்டார்கள். அடையாறு நாளைக்கு என்றாயிற்று. நாளை, அடுத்த வாரமாயிற்று. அப்புறம் இருவருமே மறந்துபோனார்கள்.

அய்யாதுரை சிந்தாதிரிப்பேட்டையில் தண்ணீர் மோட்டார் சாமான் கடை வைத்திருந்தவர். குடலிறக்க ஆபரேஷன் முடிந்து பதினான்காம் அறையில் படுத்திருந்தார். மத்தியானம் மகள் செல்வக்கனி, வீட்டில் இருக்கும் அம்மாவுக்குப் போன் பண்ணிவிட்டு வருகிறேன் என்று தெருமுனை பூத்துக்குப் போனாள். வரிசை நீளமாக இருந்தது. அவள் திரும்பி வந்தபோது அப்பா கட்டிலில் ஒருபக்கமாகச் சரிந்து கிடந்தார். உயிர் இல்லை. நெஞ்சுக்குப் போகும் ரத்தக்குழாய் அடைத்துக்கொண்டது என்றார்கள் டாக்டர்கள்.

மறுநாள் காலை வேம்புவையும் ஃபிர்தௌஸையும் பெரிய டாக்டர் வரவழைத்தார். மணியில் கோளாறா, நர்சின் கோளாறா என்பது அவருக்கு உடனே தெரிந்தாக வேண்டும். மேஜையருகே, முந்தின நாள் டியூட்டியில் இருந்த நர்ஸ் பிலோமினா நின்றுகொண்டிருந்தாள். சாந்தோம் குப்பத்துப் பெண். யூனிஃபார்மைக்கூட மாற்றவில்லை. கண் இமைகள் வீங்கியிருந்தன.

"மேல மனுஷன் சாகறான். இவ கீழ ஒக்காந்திருக்கா" என்றார் டாக்டர்.

"ஒக்காரல சார். மணி அடிச்சிது, ஏழு எரிஞ்சிது. ஏழுக்கு ஓடுனேன். அந்தம்மா நான் அடிக்கவே இல்லன்னாங்க. எறங்கி வந்தா மறுபடி ஏழு. மறுபடி ஓடுனேன். தூங்க வுட மாட்டியான்னு திட்டுனாங்க. சரி, பொட்டிதான் கெட்டுப்போச்சுன்னு பிளக்குலேருந்து புடுங்கிக் கையிலியே எடுத்தாந்துட்டேன். இங்க வந்து பாத்தா அப்பவும் ஏழு எரிஞ்சிக்கினு கீது."

"அப்புறம்?"

பிலோமினா தலையைக் குனிந்துகொண்டாள். "அப்பால மணிய அணைச்சிட்டேன் சார். பைத்தியம் புடிச்ச மாரி அடிச்சிக்கினே இருந்திச்சு."

"பிடுங்கின பெட்டி எப்படிம்மா அடிக்கும்? பொய் சொல்றதையாவது கோர்வையா சொல்லு" என்றவர், வாசலில் செத்தவரின் உறவுக்காரர்கள் சத்தம் போடுவதைக் கேட்டு அந்தப் பக்கம் போனார்.

ஃபிர்தௌஸ் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து ‘லிஸ்ட்’ என்று அடித்தாள். எண்கள் ஒவ்வொன்றாக வந்தன. ஏழு இருந்தது. பதின்மூன்றுக்குக் கீழே பதினைந்து வந்தது. பதினான்கு வரவில்லை.

"ஏழாம் ரூம் பெட்டி இப்ப எங்க?" என்று கேட்டாள்.

பிலோமினா மேஜை டிராயரை இழுத்துப் பெட்டியை எடுத்து அவள் கையில் வைத்தாள். "இன்னா இது மேடம்? பொட்டி இங்க கீது. அது இன்னும் ஏழுன்னு காட்டுது?"

அலமாரியில் கிடந்த மாற்றுப் பெட்டியை எப்போதோ சோதனைக்காக ஏழில் வைத்தது அவளுக்கு நினைவு வந்தது. அந்த ஏழோடுதான் அது பதினான்காம் அறைக்குப் போயிருக்கிறது. அய்யாதுரை அழுத்த அழுத்தக் கீழே ஏழு எரிந்திருக்கிறது. அவள் தலையை நிமிர்த்தினாள். பின்னால் நின்ற வேம்பு திரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கும் புரிந்துவிட்டது. முகம் சாம்பல் பூத்திருந்தது.

"அந்த ஸ்க்ரீனை அணை" என்றார், உதடு அசையாமல். அவள் கையிலிருந்த பெட்டியை வாங்கிக்கொண்டு, "ரெண்டு ரூமையும் பாத்துட்டு வந்துடறேன்" என்று பொதுவாகச் சொல்லிவிட்டு மாடிப்படி ஏறினார். சட்டைப் பையில் ஸ்க்ரூ டிரைவர் இருந்தது.

அவர் இறங்கி வருவதற்கும் டாக்டர் உள்ளே வருவதற்கும் சரியாக இருந்தது. "இப்ப போடு ஃபிர்தௌஸ்."

போட்டாள். ஏழு வந்தது. பதினான்கும் வந்தது. ஓர் எண் விடாமல் எல்லாம் வந்தன.

"சிஸ்டத்துல ஒண்ணும் இல்லை டாக்டர். எல்லாம் பதில் சொல்றது" என்றார் வேம்பு.

டாக்டர் ஃபிர்தௌஸைப் பார்த்தார். "அப்படித்தானா?"

பிலோமினாவும் அவளைத்தான் பார்த்தாள். ஃபிர்தௌஸ் திரையைப் பார்த்து, ஆமாம் என்று தலையை அசைத்தாள். வாயைத் திறந்து ஒரு சொல் சொல்லவில்லை. ஆனால் அசைத்தாள்.

திரும்பும் வழியில் ஆட்டோவில் வேம்புதான் பேசிக்கொண்டே வந்தார். "நான் வேணும்னா பண்ணினேன்? நீ பண்ணினியா? இது வெளில போனா கம்பெனி அவ்வளவுதான். நம்மள நம்பிண்டு இருக்கறவா ஆத்துல எல்லாம் அடுப்பு அணைஞ்சுடும். அந்தப் பொண்ணு மணியை அணைச்சது தப்பா, இல்லையா? நீயே சொல்லு."

"தப்புதான் சார்" என்றாள். "நம்ம தப்புக்கு அப்புறம் வந்த தப்பு."

ஆபீஸ் போனதும் வேம்பு, ஒரே எண்ணில் இரண்டு பெட்டிகள் இருந்தால் கண்டுபிடிக்கிற மாதிரி புரோகிராமை மாற்றச் சொன்னார். அன்று சாயங்காலமே அவள் அதை எழுதி முடித்துவிட்டாள். இவ்வளவு சுலபமான வேலையா என்று வெகுநேரம் திரையை வெறித்துக்கொண்டிருந்தாள்.

பிலோமினாவை வேலையிலிருந்து நீக்கினார்கள். கவனக்குறைவால் நீக்கம் என்று எழுதிக் கொடுத்துவிட்டதால் வேறு ஆஸ்பத்திரிகளிலும் அவளைச் சேர்க்கவில்லை. அந்தச் செய்தி காதில் விழுந்த பிறகு ஃபிர்தௌஸுக்குச் சோறு இறங்கவில்லை. அம்மா காய்ச்சலா என்று நெற்றியைத் தொட்டுப் பார்த்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து கூட்டம் கலைந்துகொண்டிருந்த நேரத்தில், அவள் சாந்தோம் மாதா கோயிலைத் தாண்டிக் குப்பத்துக்குள் விசாரித்துக்கொண்டு போனாள்.

பிலோமினா வாசலில் துணி துவைத்துக்கொண்டிருந்தாள். உட்காரச் சொல்லவில்லை. ஃபிர்தௌஸ் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னாள். மாற்றுப் பெட்டி, ஏழு, ஸ்க்ரூ டிரைவர் எல்லாம்.

"எனக்கு அன்னிக்கே தெரியும்" என்றாள் பிலோமினா. "பொட்டிய உன் கையில குடுத்தப்ப உன் மூஞ்சியப் பாத்தேன். இந்தம்மா சொல்லிடுவாங்கன்னு நெனச்சேன்."

"நாளைக்கே டாக்டர்கிட்ட வந்து சொல்றேன்."

"அந்தாளு கெடக்கறான். அந்தப் பொண்ணு கீதே, செத்தவரோட பொண்ணு, அது எல்லார் முன்னாடியும் எங்கப்பாவக் கொன்னுட்டியேன்னு என் தோளப் புடிச்சி உலுக்கிச்சு. படுத்தா அந்தக் கைதான் ஞாபகத்துக்கு வருது. அதுகிட்ட வந்து சொல்லு. அது போதும் எனக்கு."

இருவரும் பஸ் ஏறிச் சிந்தாதிரிப்பேட்டை போனார்கள். கூவத்தை ஒட்டிய சந்தில் கடை பாதி ஷட்டர் இறக்கிக் கிடந்தது. உள்ளே செல்வக்கனி தனியாக உட்கார்ந்திருந்தாள். பிலோமினாவைப் பார்த்ததும் எழுந்தாள். "இவ எதுக்கு இங்க வந்தா?" என்றாள்.

"நான்தான் கூட்டிட்டு வந்தேன்" என்று ஃபிர்தௌஸ் தொடங்கினாள். செல்வக்கனி குறுக்கே பேசாமல் கேட்டாள். முடித்ததும் பிலோமினா பக்கம் திரும்பி, "அப்போ எங்கப்பா மணி அடிச்சாரா?" என்றாள்.

"அடிச்சாருக்கா."

"ஒருதரமா?"

பிலோமினா இல்லை என்று தலையாட்டினாள்.

"தூக்கத்துலயே போயிட்டாரு, வலியே தெரிஞ்சிருக்காதுன்னு டாக்டர் சொன்னாரு" என்றாள் செல்வக்கனி. குரல் உயரவில்லை. "அம்மாகிட்டயும் அதத்தான் சொல்லி வச்சிருக்கேன். அதச் சொல்லித்தான் அவங்களச் சாப்பிட வைக்கிறேன். நான் போன்ல கத பேசிக்கிட்டு நின்னப்போ அவரு அங்க கூப்பிட்டுக்கிட்டே இருந்திருக்காரு. இதயா வந்து சொல்றீங்க?"

"உண்மை தெரியணும்னு..."

"யாருக்குத் தெரியணும்? உங்களுக்கு மனசு ஆறணும்."

செல்வக்கனி பிலோமினாவின் அருகில் வந்து, உலுக்கிய அதே தோளில் கையை வைத்தாள். "நீ ஓடியிருக்க. நான் ஒன்னத் தப்பாச் சொல்லிட்டேன்" என்றாள். பிறகு இருவரையும் போகச் சொல்லிக் கையைக் காட்டினாள்.

மறுநாள் ஃபிர்தௌஸ் வேம்புவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டு வேலையை விட்டாள். அவர் திட்டவில்லை. "நீ எம் பொண்ணா இருந்தா இப்படிப் பண்ணியிருப்பியா?" என்று மட்டும் கேட்டார். அவள் அங்கிருந்து நேரே அடையாறு போய்ப் பெரிய டாக்டரிடம் சொன்னாள். மெஷினைத்தான் கண்ணால் பார்த்தாயிற்றே, எல்லாம் சரியாக இருந்ததே என்றார் அவர். வற்புறுத்தியபோது வாட்ச்மேனைக் கூப்பிட்டார். அந்த மாதமே பெட்டிகளை எல்லாம் பிடுங்கிவிட்டு, சுவரை உடைத்து ஒயர் இழுத்தார் என்று பின்னால் கேள்விப்பட்டாள்.

சில மாதங்கள் கழித்துச் செல்வக்கனியே கச்சேரி ரோட்டு வீட்டைத் தேடி வந்தாள். நுகர்வோர் கோர்ட்டில் வழக்குப் போடப்போவதாகச் சொல்லி, சாட்சி சொல்ல வர முடியுமா என்று கேட்டாள். ஃபிர்தௌஸ் போனாள். வேம்புவின் வக்கீல், வேலை போன கோபத்தில் பேசுகிறாள் என்றார். நர்சிங் ஹோம் வக்கீல், லிஸ்ட்டில் எல்லா எண்களும் வந்ததை இவளே தலையசைத்து ஒப்புக்கொண்டாளே என்றார். ஆமாம், அசைத்தேன் என்றாள் அவள். இருந்தாலும் மூன்றாம் வருஷம் தீர்ப்பு செல்வக்கனியின் பக்கம்தான் வந்தது. நர்ஸ் மீது தவறில்லை என்று அதில் ஒரு வரி இருந்தது. அதற்குள் வேம்பு ஆபீஸை மூடிவிட்டு, மகனோடு இருக்கப் பெங்களூர் போய்விட்டிருந்தார்.

தீர்ப்பின் நகலை எடுத்துக்கொண்டு ஃபிர்தௌஸ் சாந்தோம் போனாள். பிலோமினா இப்போது ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில் சட்டைக்குப் பொத்தான் தைக்கும் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தாள். வீட்டு வாசலில் உட்கார்ந்து அந்த வரியை இரண்டு தடவை படித்துவிட்டுத் தாளை மடித்துத் திருப்பிக் கொடுத்தாள்.

"இதைக் காட்டினா இப்ப எந்த ஆஸ்பத்திரியிலயும் எடுத்துக்குவாங்க" என்றாள் ஃபிர்தௌஸ்.

"எடுத்துக்குவாங்க யக்கா. என்னாலதான் முடியாது. எங்கயாச்சும் மணி அடிச்சா போதும். யாரு கூப்புடறாங்க, எங்கேருந்து கூப்புடறாங்கன்னு தேடிக்கினே கீறேன்."

வீட்டுக்குள்ளிருந்து யாரோ பிலோமினாவைக் கூப்பிட்டார்கள். அவள் சட்டென்று எழுந்து ஓடினாள்.