முழுக்கை ஜாக்கெட்

"கை எதுவரைக்கும்மா வைக்கணும்?" என்று சகிலா இரண்டாவது தடவையாகக் கேட்டாள். "மணிக்கட்டு வரைக்கும்" என்று அன்பரசி மறுபடியும் அதையே சொன்னாள். ஒடுகத்தூர் கடைத்தெருவில் சித்திரை வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது. தையல் கடையின் மின்விசிறி சூட்டைத்தான் சுற்றிச் சுற்றி இறைத்தது. கல்யாணத்துக்கு, திருவிழாவுக்கு என்று ஜவ்வாது மலையிலிருந்து பெண்கள் இறங்கி வந்து துணி கொடுப்பது வழக்கம்தான். ஆனால் இந்த வெயிலில் முழுக்கை கேட்டு யாரும் வந்ததில்லை.

அளவெடுக்கப் புடவையை ஒதுக்கியபோதுதான் சகிலா அதைப் பார்த்தாள். முழங்கையைச் சுற்றிலும், அதற்குக் கீழேயும் சிவந்து தடித்த வட்டங்கள். அவற்றின் மேல் வெள்ளை வெள்ளையாகச் செதில் உரிந்துகொண்டிருந்தது. அன்பரசி வெடுக்கென்று கையை இழுத்துக்கொண்டாள். ஊரில் குழாயடியில் அவள் குடத்தை வைத்தால் மற்ற குடங்கள் தள்ளிப் போகும். நூறு நாள் வேலையில் அவள் குடித்த சொம்பை யாரும் தொடுவதில்லை. கையை இழுத்துக்கொள்வது அவளுக்குப் பழகிவிட்டது. சகிலாவோ அந்தக் கையை மெல்லப் பிடித்துத் தன் பக்கம் திருப்பினாள். தடித்திருந்த தோலின் மேலேயே டேப்பை வைத்து, தோளிலிருந்து மணிக்கட்டு வரை நிதானமாக அளந்தாள்.

"வலிக்குதா?"

இல்லை என்று தலையாட்டினாள் அன்பரசி. பதினோரு மாதமாக அவளை யாரும் தொட்டதில்லை என்பது அப்போதுதான் அவளுக்கே உறைத்தது. அழுகை வந்துவிட்டது.

அவள் புருஷன் சந்திரன் ஆந்திராவில் ஒரு ஜெயிலில் இருந்தான். போன வருஷம் கட்டட வேலை என்று சொல்லி ஒருவன் ஊரிலிருந்து ஆறு பேரை வேன் ஏற்றிப் போனான். இறக்கிவிட்டது காட்டில். கையில் கொடுத்தது செம்மரம் வெட்டக் கோடாரி. மூன்றாம் நாளே பிடிபட்டார்கள். சேதி வந்த வாரத்தில் அன்பரசியின் முழங்கையில் எட்டணா அளவில் முதல் வட்டம் தோன்றியது. அவள் வேப்பிலை அரைத்துப் பூசினாள். சாமிக் குத்தம் என்றார்கள். அவர் வீடு திரும்பும்வரை ஒரு வேளைதான் சாப்பிடுவேன் என்று வேண்டிக்கொண்டாள். அந்த ஒரு வேளையும் பெரும்பாலும் ரேஷன் அரிசிக் கஞ்சிதான். பிள்ளையில்லாத வீட்டில் தன் ஒருத்திக்காக அடுப்பு மூட்ட மனம் வருவதில்லை. ராத்திரியில் படுத்தால் ஜெயில் கதவு எப்படி இருக்கும் என்று யோசித்துக்கொண்டே விடிந்துவிடும். வாய்தா தள்ளிப்போகும் ஒவ்வொரு தடவையும் வட்டங்கள் பெருகின. இப்போது ஜாமீன் கிடைக்கப்போகிறது, அடுத்த மாதம் ஆள் வந்துவிடுவார் என்று வக்கீல் சொல்லியிருந்தார். அதற்குத்தான் இந்த ஜாக்கெட்.

அவள் சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டு சகிலா கத்தரிக்கோலைக் கீழே வைத்தாள். "நானும் நோன்பு வைக்கிறவதாம்மா. நோன்புன்னா தொறக்கறதுக்கும் ஒரு நேரம் இருக்கணும். நீ பதினோரு மாசமா தொறக்கவே இல்லியே."

பக்கத்துக் கடைக்காரியிடம் கடையைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, அவளே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனாள். அன்று புதன்கிழமை, தோல் டாக்டர் வரும் நாள். டாக்டர் ஜோயா சின்ன வயதுக்காரி. கையுறை போடாமலே அன்பரசியின் கையையும், வட்டங்கள் பரவியிருந்த முதுகையும் தடவிப் பார்த்தாள். இது சொரியாசிஸ், யாருக்கும் ஒட்டாது என்றாள். ரத்தம் சோதித்த சீட்டைப் பார்த்ததும் முகம் மாறியது.

"ஒடம்புல ரத்தமே இல்லியேம்மா. இன்னா சாப்பிடறீங்க?"

சகிலாதான் சொன்னாள்.

டாக்டர் சீட்டில் மருந்து எழுதினாள். "களிம்பு தர்றேன், சத்து மாத்திரை தர்றேன். ஆனா பட்டினியும் தூக்கமில்லாததும் சேந்தா ஒடம்பு தாங்காது, தோலும் சீக்கிரம் ஆறாது. கவலைப்பட்டா இது ஏறும். கவலைப்படாதீங்கன்னு சொல்றது சுலபம்னு எனக்கும் தெரியும். சாப்பிடவாவது செய்ங்க."

அதற்குப் பிறகு புதன்கிழமைதோறும் அன்பரசி கீழே இறங்கினாள். மருந்து வாங்கிக்கொண்டு தையல் கடைக்குப் போனால், துணிக் குவியலுக்கு நடுவில் சகிலாவின் டிபன் கேரியர் காத்திருக்கும். முருங்கைக்கீரை, முட்டை, ஒருநாள் மீன். இருவரும் ஒரே மூடியில் தொட்டுக்கொண்டு சாப்பிட்டார்கள். மலைமேலும் சாயங்காலத்தில் அவள் வீட்டுக் கூரையிலிருந்து புகை வரத் தொடங்கியது. சாமைச் சோறும் கீரைக் கடையலும் செய்து, முதல் கவளத்தை எடுக்கும்போது சாமியிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டாள். கையில் இருந்த தடிப்பு மெல்ல அமுங்கியது. முழங்கையிலும் முதுகிலும் போகவில்லை.

வைகாசியில் சந்திரன் வந்தான். ஜீப்பிலிருந்து இறங்கியவனை அவளுக்கே சட்டென்று அடையாளம் தெரியவில்லை. காட்டு வெயிலில் கறுத்து இறுகியிருந்த ஆள், கல்லுக்கடியில் முளைத்த புல்லைப்போல வெளுத்திருந்தான். "உள்ள போயி நல்லா கலராயிட்டியே மாமா" என்று பக்கத்து வீட்டுப் பச்சையம்மா சிரித்தாள். கூட நின்றவர்களும் சிரித்தார்கள். சந்திரனும் சிரித்து வைத்தான். அன்பரசி மட்டும் தலையைக் குனிந்துகொண்டாள்.

வீட்டில் அவனுக்குச் சோறு போட்டாள்.

"இந்த வெயில்ல இன்னாத்துக்கு இப்பிடி ஒரு ஜாக்கெட்டு?"

"கொஞ்ச நாளா குளுருது."

அவள் குழம்பு ஊற்றக் குனிந்தபோது ஜாக்கெட் கையின் விளிம்பு சட்டியில் தோய்ந்தது. அவன் எட்டிப் பிடித்து அதை மடித்துவிட்டான். அவள் இழுக்கப் பார்த்தாள். அவன் விடவில்லை; ஒரு மடிப்பு, இன்னொரு மடிப்பு என்று முழங்கை வரை மடித்தவனின் கை அங்கேயே நின்றுவிட்டது.

"எப்போலேர்ந்து?"

"புடிச்சிக்கினு போனாங்கன்னு சேதி வந்த வாரம்." பிறகு அவசரமாக, "ஒட்டாதாம். டாக்டரம்மா சொன்னாங்க" என்றாள்.

"ஒட்னா ஒட்டட்டும்" என்றான் சந்திரன். அவன் குரல் உடைந்திருந்தது. மற்றக் கையையும் நீட்டச் சொல்லி மடித்துவிட்டான்.

மறுநாள் உச்சி வேளையில் அவனைக் காணாமல் அவள் கொல்லைக்காட்டுக்குப் போனாள். கோடை மழைக்கு உழுது போட்டிருந்த நிலத்தின் நடுவில், சட்டையைக் கழற்றிவிட்டு அவன் சும்மா நின்றுகொண்டிருந்தான். முதுகெலும்பு ஒவ்வொன்றாக எண்ணலாம்போல் இருந்தது.

"இன்னா இங்க நிக்கிற?"

"சும்மாதான்." அவன் திரும்பவில்லை. "அங்க மேல ஒரு ஜன்னலு இருந்துச்சு. காலையில கொஞ்ச நேரம், தரையில இவ்ளோண்டு வெயிலு வுழும். பத்து பேரு மாத்தி மாத்தி அதுல காலை வச்சிக்குவோம்."

அவள் செருப்பைக் கழற்றிவிட்டு, உழவு மண் கால் விரல்களுக்கிடையில் பிதுங்க நடந்து போய் அவன் பக்கத்தில் நின்றாள். எதிர்ச் சரிவில் ஒரு மேகத்தின் நிழல் காட்டை மூடிக்கொண்டு மெல்ல இறங்கி வந்தது. இருவரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அது பள்ளத்தைத் தாண்டி இந்தப் பக்கம் ஏறிவர இன்னும் கொஞ்ச நேரம் இருந்தது.