மருந்துக்கடை முனையில் மஞ்சள் கோடு

நகராட்சியில் சாலைக்குக் கோடு போடுகிறவன் நான். ஜனங்கள் கடக்கிற கோடு, வண்டி நிறுத்துகிற கோடு, பள்ளிக்கூடத்துக்கு முன்னால் வேகத்தைக் குறைக்கச் சொல்கிற கோடு. இரண்டு வருடமாக இன்னொன்றும் சேர்ந்துகொண்டது. அதற்குப் பெயர் கிடையாது. வேலைத்தாளில் ‘நூறு மீட்டர்’ என்று மட்டும் எழுதியிருக்கும்.

அது தட்டிக்காரர்களுக்காகப் போடுவது. எந்தச் சாவுக்கு ஊரே அழுகிறதோ அந்தச் சாவுக்கு அவர்கள் வந்துவிடுவார்கள். இருபது முப்பது பேர், ஆளுக்கொரு தட்டி. ‘இது சாவல்ல, கடவுளின் தண்டனை.’ ‘அழாதே, திருந்து.’ பெற்ற பிள்ளையைப் பெட்டியில் கொண்டுபோகிறவள் அதையும் படித்துவிட்டுத்தான் போக வேண்டும். ஊர் கொதித்துப்போய் வழக்குப் போட்டது. பேசுகிற வாயை மூட முடியாது, உடல் வெளியேறும் வாசலிலிருந்து நூறு மீட்டர் தள்ளி நின்று பேசட்டும் என்று தீர்ப்பு வந்தது. நீதிபதி சொல்லிவிட்டு வீட்டுக்குப் போய்விட்டார். சக்கரத்தை உருட்டி அளக்கிறவன் நான்.

அந்தத் தீர்ப்பில் எனக்குச் சம்மதம்தான். வேலையிடத்தில் இதற்காக எத்தனையோ பேரோடு மல்லுக்கு நின்றிருக்கிறேன். “இன்னிக்கி அவன் வாய அடச்சா நாளைக்கு உன் வாய்க்கு வருவாங்கய்யா” என்பேன். “பெரிய வக்கீலு” என்று மேஸ்திரி சிரிப்பார். எனக்கு நியாய உணர்ச்சி பொங்கி வழிந்தது என்று நினைக்க வேண்டாம். அந்தக் கும்பலில் என் அக்கா இருந்தாள். அதை நான் யாரிடமும் மூச்சு விட்டதில்லை. எங்களுக்கு வெளியூரில் ஒரு அக்கா இருப்பதாக நானும் தம்பியும் சொல்லிவைத்திருந்தோம்.

அக்காவின் மகள் நாலு வயதில் காய்ச்சலில் போய்விட்டாள். ஆறுதல் சொல்ல வந்தவர்கள் எல்லாரும் தலையெழுத்து, மனதைத் தேற்றிக்கொள் என்றார்கள். நானும் அதையேதான் சொன்னேன். ஏன் போனாள் என்று காரணம் சொன்னவர்கள் தட்டிக்காரர்கள் மட்டும்தான். கேட்கவே கூசுகிற காரணம். ஆனால் அக்காவுக்கு ஏதோ ஒரு காரணம் வேண்டியிருந்தது. ஊர் எல்லையில் அவர்கள் எல்லாரும் சேர்ந்து வாழும் குடியிருப்புக்குப் போனவள், பதினோரு வருடமாகத் திரும்பவில்லை.

தம்பியை வளர்த்தவள் அவள். அம்மா வேலைக்குப் போய்விடுவாள். பத்து வயது அக்காவின் இடுப்பில்தான் அவன் எந்நேரமும் இருப்பான். இறக்கிவிட்டால் வீட்டை இரண்டாக்கிவிடுவான்.

அந்தத் தம்பி பஸ் டிரைவர். போன வாரம் மேட்டுச் சாலை இறக்கத்தில் பிரேக் பிடிக்கவில்லை. கீழே சந்தை. அவன் தான் உட்கார்ந்திருந்த பக்கத்தைச் சுவரோடு தேய்த்து வண்டியை நிறுத்தினான். நாற்பத்திரண்டு பேர் இறங்கி நடந்தார்கள். அவன் இறங்கவில்லை. ஊரே அழுதது. ஊர் அழுதால் யார் வருவார்கள் என்று எனக்குத் தெரியும்.

அன்று சாயங்காலம் அக்கா போன் பண்ணினாள். யாருடைய போனோ. குரலைத் தாழ்த்திப் பேசினாள்.

“அவன் மூஞ்சிய ஒரு தடவ பாக்கணும்டா.”

“வாக்கா. அவன வச்சிருக்கற மண்டபத்துக்கு நேரா வந்துடு. யார் என்ன சொல்லிடுவாங்க?”

“தனியா எங்கயும் விடமாட்டாங்க. கோட்டத் தாண்டினா அப்புறம் அங்க எனக்கு எடமில்ல.”

“இல்லன்னா போகுது. நம்ம வீடு இருக்கு.”

“உன் வீட்ல எத்தன நாளைக்கு நான் விருந்தாளி? எனக்குன்னு இருக்கறது அந்த ஒரு எடந்தான்டா.”

எனக்குக் கோபம் வந்துவிட்டது. “அப்ப என் தம்பி சாவுக்கும் தட்டி பிடிக்கப் போற?”

அவள் அழுதாள். “பிடிச்சுத்தான் ஆகணும். எழுத்து இல்லாத பக்கத்த உங்க பக்கமா திருப்பிப் பிடிக்கறேன். நீதானே கோடு போடுவே? நான் பாக்கற மாதிரி போடு.”

நான் பதில் சொல்வதற்குள் போன் அடங்கிவிட்டது.

மண்டபத்துக்கு இரண்டு வாசல். முன்வாசலிலிருந்து அளந்தால் கோடு கிடங்குச் சந்துக்குள் விழும். அங்கே நின்றால் சுவர்தான் தெரியும். பக்கவாசலிலிருந்து அளந்தால் மருந்துக்கடை முனையில் விழும். அந்த முனையில் எந்த வண்டியும் ஊர்ந்துதான் திரும்ப முடியும். உடல் வெளியேறும் வாசல் என்றுதானே தீர்ப்பு? பக்கவாசல் வழியாக எடுப்போம் என்று வீட்டில் சொல்லிவிட்டேன். துக்க வீட்டில் அண்ணன் சொன்னால் ஏன் என்று யாரும் கேட்பதில்லை.

ஏற்பாடுகளைத் தலையில் போட்டுக்கொண்டவன் தம்பியின் கண்டக்டர். அதே வண்டியில் இருந்தவன். இடது கையில் கட்டு, கண் இரண்டும் கோவைப்பழம். அவனிடம் சொன்னேன்.

“அவன ஏத்திட்டுப் போற கண்ணாடி வண்டிய மருந்துக்கடை முனையில ஒரு நிமிஷம் நிறுத்தச் சொல்லுப்பா.”

“எதுக்குண்ணே?”

உண்மை தொண்டை வரை வந்தது. விழுங்கிவிட்டு, “அவனோட மொத ஸ்டாப்பு அதுதானே” என்றேன்.

அது பொய்யும் இல்லை. கண்டக்டர் என் தோளில் சாய்ந்து தேம்பினான். “நல்லா நெனச்சீங்கண்ணே. நான் பாத்துக்கறேன்.”

மறுநாள் விடிந்ததும் சக்கரத்தோடு போனேன். மேஸ்திரி ஓடிவந்தார். “உனக்கென்னய்யா தலையெழுத்து? வேற ஆள் போடட்டும்.”

“நான்தான் போடணும்.”

“அவங்க மேல அவ்வளவு வைராக்கியமா?”

பக்கவாசலில் சக்கரத்தை வைத்து உருட்டினேன். எண் நூறு காட்டிய இடத்தில் கயிறு பிடித்து மஞ்சள் அடித்தேன். கோட்டுக்கும் வண்டி நிற்கப்போகும் இடத்துக்கும் நாலு எட்டுதான். கண்ணாடிக்குள் தம்பியின் முகம் இடப்பக்கம் இருக்கும்படி வைக்கச் சொல்ல வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன். அதையும் சொன்னேன். எதையும் நான் மறக்கவில்லை.

பத்து மணிக்கு எடுத்தோம். பக்கவாசலைத் தாண்டியதும் எனக்குப் பாதை பிடிபடவில்லை. அவ்வளவு ஜனம். அவன் பஸ்ஸில் ஏறியவர்கள், ஏறாதவர்கள், பக்கத்து ஊர்க்காரர்கள். ஆளுக்கொரு வெள்ளைப் படுக்கைவிரிப்பைக் கொண்டுவந்திருந்தார்கள். மருந்துக்கடை முனையில்தான் கூட்டம் நெரிந்தது. வண்டி அங்கே ஒரு நிமிடம் நிற்கும் என்று கண்டக்டர் ஊர் முழுக்கச் சொல்லியிருந்தான். தட்டிகள் எங்கள் கண்ணில் படக்கூடாது என்று, என் கோட்டுக்கு முன்னால் ஆளுயரத்துக்கு மேல் விரிப்புகளைத் தூக்கிப் பிடித்திருந்தார்கள். ஒன்றோடு ஒன்று முடிச்சுப் போட்டு, இண்டு இடுக்கு இல்லாமல். கண்டக்டர் ஒரு முனையை நல்ல கையால் பிடித்திருந்தான்.

அந்தப் பக்கத்திலிருந்து கோஷம் வந்தது. இந்தப் பக்கம் அத்தனை பேரும் பாட ஆரம்பித்தார்கள். கோஷம் அமுங்கிப் போயிற்று. இத்தனை பேர் என் தம்பிக்காக வந்து நிற்கிறார்களே என்று கையெடுத்துக் கும்பிடத் தோன்றியது. அந்த விரிப்புகளைப் பிடுங்கிக் கீழே போடவும் தோன்றியது.

வண்டி நின்றது. சொன்ன இடத்தில், சொன்ன பக்கத்தில்.

நான் கண்டக்டரிடம் போனேன். “இந்தத் துணிய…” என்று ஆரம்பித்தேன்.

“கவலப்படாதீங்கண்ணே. காத்தடிச்சாலும் எறங்காது.”

மேஸ்திரி என் முழங்கையைப் பிடித்தார். “நீ அந்தப் பக்கம் பாக்காதய்யா. தம்பியப் பாரு.”

என் அக்கா அந்தப் பக்கம் நிற்கிறாள், கொஞ்சம் இறக்குங்கள். அவ்வளவுதான் சொல்ல வேண்டும். கண்டக்டர் நிச்சயம் இறக்கியிருப்பான். ஆனால் சொன்னால் அத்தனை தலையும் என் பக்கம் திரும்பும். நாற்பத்திரண்டு பேரைக் காப்பாற்றியவனின் அக்கா தட்டி பிடிக்கிறாளா என்று கேட்கும். அடுத்த நாள் நான் இதே சாலையில் வாளியோடு உட்கார்ந்து கோடு போட வேண்டும். இதையெல்லாம் நான் யோசித்தேன். தம்பியின் பிணத்துக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு யோசித்தேன். கடவுள் பெயரைச் சொல்லிக் கத்துகிறவர்கள் கத்தினார்கள், பாடுகிறவர்கள் பாடினார்கள். பேச வேண்டிய நான் மட்டும் ஊமையாக நின்றேன்.

விரிப்புகளுக்கும் தரைக்கும் நடுவில் ஒரு சாண் இடைவெளி. அதில் வரிசையாகக் கால்கள் தெரிந்தன. எல்லாம் பாதம் ஊன்றி நின்ற கால்கள். ஒரு ஜோடி மட்டும் குதிகால் உயர்ந்து, விரல் நுனியில் நின்றது. கட்டைவிரல்கள் மஞ்சள் கோட்டில் முட்டிக்கொண்டிருந்தன. ஒரு மயிரிழைகூடத் தாண்டவில்லை. வலது பக்கம் நகர்ந்தன, எக்கின, இடது பக்கம் வந்தன, மறுபடி எக்கின.

ஒரு நிமிடம் முடிந்தது. வண்டி புறப்பட்டது. அந்தக் குதிகால்கள் மெதுவாகத் தரையில் இறங்கியதைப் பார்த்தேன்.

எல்லாம் முடிந்து திரும்பி வரும்போது கண்டக்டர் என்னைத் தேடி வந்தான். அவன் முகத்தில், அந்த வாரத்திலேயே முதல்முறையாக, ஒரு நிம்மதி.

“அண்ணே, அந்தப் பக்கம் நின்ன ஒருத்தர் கண்ணுலகூட அவர் மூஞ்சியப் படவிடல.”

அவன் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். “ரொம்ப நன்றிப்பா” என்றேன்.