பூங்கொத்து வந்த வாசல்

ஆம்புலன்ஸின் தரையைப் பினாயில் விட்டுக் கழுவிக்கொண்டிருந்தான் டிரைவர். ஆஸ்பத்திரிக்கு எதிர்வீட்டு வாசலில் வேன் ஒன்று வந்து நின்றது. இரண்டு பேர் பெரிய ஸ்பீக்கர் பெட்டிகளை இறக்கினார்கள்.

"டாக்டரோட பிரசாரக் கூட்டத்துக்கு மைக் செட் ரிப்பேராமே? அண்ணன் குடுக்கச் சொன்னாரு."

அண்ணன் என்றால் கான்ட்ராக்டர். நாடாளுமன்றத் தேர்தலில் ஆளுங்கட்சி வேட்பாளர். ஆஸ்பத்திரியின் அவசர சிகிச்சைப் பிரிவை மூடிவிட்டு இடத்தைத் தனியாருக்குக் கொடுப்போம் என்று மேடையிலேயே சொன்னவர்.

அவரை எதிர்த்து இரண்டு பேர் நின்றார்கள். எதிர்க்கட்சியில் ஒரு வக்கீல். புதுக்கட்சி ஒன்றில், வேலையை விட்டுவிட்டு வந்த எதிர்வீட்டு டாக்டர். பிரிவை மூட விடமாட்டோம் என்று இருவருமே சொன்னார்கள். ஆனால் ஒருவர் வாசலை ஒருவர் மிதிக்கவில்லை. நேற்று முளைத்த கட்சி என்றார் வக்கீல். கறை படிந்த கையைத் தொடமாட்டேன் என்றார் டாக்டர்.

"பாத்தியாக்கா, எதிரியே நம்ம டாக்டரை மதிக்கிறான்" என்றான் டிரைவர்.

"மதிக்கலடா, வளக்குறான்" என்றாள் தலைமை நர்ஸ். "வக்கீலுக்கு விழுற ஓட்டுல பாதி இங்க வரட்டும்னு தீனி போடுறான்."

"அந்த வக்கீலுக்கா போடச் சொல்ற? போன தடவை ஜெயிச்சுட்டு இந்தப் பக்கம் தலை வச்சுப் படுத்தானா?"

"அவன் யோக்கியன்னு நான் எங்கடா சொன்னேன்? உன் தங்கச்சிக்கு மாப்பிள்ளையா பாக்குறோம்? வார்டுக்குப் பூட்டு விழக்கூடாது, அவ்ளோதான். ரெண்டு பேரும் உக்காந்து பேசி யாராவது ஒருத்தர் விலகட்டும். நீ சொன்னா டாக்டர் காது குடுத்துக் கேப்பாரு. போய்ச் சொல்லேன்."

அவன் போகவில்லை. அதற்குப் பிறகு அவளோடு பேசவும் இல்லை.

அந்தப் பிரிவு வருவதற்கு முன்பு அடுத்த ஊருக்குத்தான் போக வேண்டும். ஒன்றரை மணி நேரம். அவன் மனைவியை அப்படித்தான் ஏற்றிக்கொண்டு போனான். பாதி வழியில் அவள் முனகல் நின்றது. அவன் வண்டியை நிறுத்தவில்லை. அதன் பிறகு அலையாய் அலைந்து இந்தப் பிரிவைக் கொண்டுவந்தவர் டாக்டர். அவருக்குப் போடாமல் வேறு யாருக்குப் போடுவான்?

கான்ட்ராக்டர் ஜெயித்தார். பத்துப் பேரில் நாலு பேர்தான் அவருக்குப் போட்டிருந்தார்கள். மீதி ஆறை வக்கீலும் டாக்டரும் பங்கு போட்டுக்கொண்டார்கள்.

வெற்றி ஊர்வலம் முதலில் நின்ற இடம் டாக்டர் வீட்டு வாசல். கான்ட்ராக்டர் இறங்கிவந்து பெரிய பூங்கொத்து ஒன்றை டாக்டர் கையில் திணித்தார்.

"நீங்க மட்டும் நிக்கலேன்னா நான் வீட்டுலதான் உக்காந்திருக்கணும் சார். அடுத்த தடவையும் அவசியம் நில்லுங்க!"

கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. "அப்படியே அந்தப் பெட்டியை எடுத்துக்குறோம் சார்" என்று இருவர் ஸ்பீக்கர்களைத் தூக்கி வேனில் ஏற்றினார்கள். வாசலில் நின்ற டிரைவரின் காது மடல் எரிந்தது.

ஊர்வலம் போன பிறகு டாக்டர் மெல்லச் சொன்னார். "நான் யாருக்கும் விலை போகலப்பா."

"விலை போகல சார். சும்மாவே போயிட்டோம்."

பூங்கொத்தை எங்கே வைப்பது என்று தெரியாமல் டாக்டர் நின்றார். டிரைவர் அதை வாங்கிச் சாக்கடையில் வீசினான்.

"வார்டு வேணும்னவங்கதான் சார் ஊர்ல அதிகம். வேணாம்னவன் ஜெயிச்சுட்டான். இது எந்த ஊரு நியாயம்? வக்கீலோட ஒரு மேசையில உக்கார உங்களுக்குக் கௌரவம் தடுத்துது. அவருக்குத் திமிரு தடுத்துது. நர்ஸக்கா சொன்னதை உங்ககிட்ட வந்து சொல்ல எனக்கு ரோஷம் தடுத்துது. இனிமே ராத்திரியில கேஸ் வந்தா ஒன்றரை மணி நேரம் ஓட்டப்போறவன் நான். பின்னாடி படுத்திருக்கிறவங்ககிட்ட எந்தக் கௌரவத்தைச் சொல்றது? ஒரே காரியத்துக்கு நிக்கிறவங்க ஓட்டுக்கு முன்னாடியே ஒண்ணா உக்காந்துடணும் சார். பிரிஞ்சு நின்னா, நாம போடுற ஓட்டு எதிராளி பெட்டியிலதான் விழும்."