பொருள் எண் ஏழு: சத்யப்பிரியா கல்யாணம்

நான்கு பஞ்சாயத்துகளைச் சேர்த்து ஏரிமேடு நகராட்சி ஆக்கலாமா என்று கேட்டபோது முதலில் கையைத் தூக்கியவர் அப்பாவுதான். ஒரகடத்தில் கார் கம்பெனியே வந்துவிட்டது, நாம் மட்டும் எத்தனை நாள் பஞ்சாயத்தாகவே கிடப்பது என்று மேசையைத் தட்டிப் பேசினார். அப்போது அவர் வார்டு மெம்பர். இப்போது வெறும் அப்பாவு.

நகராட்சி வந்தது, கட்டடம் வரவில்லை. ஊரிலிருந்த ஒரே கல்யாண மண்டபத்தை வாடகைக்குப் பிடித்தார்கள். மணமகள் அறையில் ஆணையர், மணமகன் அறையில் பொறியாளர், சமையற்கட்டில் வரி வசூல். நகர்மன்றக் கூட்டம் மணமேடையில். அதே மண்டபத்தைத்தான் அப்பாவு தம் மகள் சத்யப்பிரியாவுக்காக ஒரு வருடம் முன்பே சொல்லி வைத்திருந்தார்.

ஆணையர் நல்ல மனிதர். அலுவலகத்துக்குள் எது நடந்தாலும் மன்றம் ஒப்புதல் தரவேண்டும் என்று விளக்கி, கல்யாணத்தைக் கூட்டத்தின் ஏழாவது பொருளாகச் சேர்த்தார். முகூர்த்தம் காலை ஏழரை முதல் ஒன்பது. கூட்டத்தையும் ஏழரைக்கே வைத்தார். பெண்ணும் மாப்பிள்ளையும் கார் கம்பெனி சூப்பர்வைசரிடம் கெஞ்சி இரண்டு நாள் லீவு வாங்கியவர்கள். இதை விட்டால் வேறு நாள் கிடையாது.

எட்டே முக்கால் ஆகியும் மூன்றாவது பொருளான சாக்கடையை யாரும் தாண்டவில்லை. மாலையும் கழுத்துமாக இருவரும் கவுன்சிலர்களுக்கு நடுவே உட்கார்ந்திருந்தார்கள். எதிர்க்கட்சிப் பாண்டுரங்கன் எதற்கெடுத்தாலும் எழுந்து ஆட்சேபம் என்றார். பெண் வீட்டு இட்லி எட்டைத் தின்றுவிட்டு இப்படிச் செய்கிறானே என்று அப்பாவுக்கு வயிறு எரிந்தது.

நகர்மன்றத் தலைவரான தாயாரம்மாளிடம் அப்பாவு போய்க் குனிந்தார். "ஒன்பதோட முகூர்த்தம் முடிஞ்சிடுதும்மா. ஏழாவதை முன்னால எடுத்தா இன்னா?"

"வரிசைய மாத்தினா அதுக்கும் ஆட்சேபம்னுவான் அண்ணே."

தாலி ஏறும்போது வேண்டாத சொல் எதுவும் காதில் விழக்கூடாது என்றுதானே கெட்டிமேளம்? அப்பாவு தவில்காரர் பலராமன் பக்கம் திரும்பினார்.

"அடிப்பா. நான் நிறுத்தச் சொல்ற வரைக்கும் அடி."

மண்டபம் அதிர்ந்தது. பாண்டுரங்கனின் வாய் திறந்து திறந்து மூடியது, ஒரு சொல்லும் யாருக்கும் எட்டவில்லை. தாயாரம்மாள் கெட்டிக்காரி. மூன்று, நான்கு, ஐந்து, ஆறு என்று விரலைக் காட்டிக்கொண்டே போனார். எழுத்தர் 'நிறைவேறியது' என்று எழுதிக்கொண்டே போனார். ஏழாவது விரல் நீண்டதும் மாப்பிள்ளை தாலியைக் கட்டினான். மணி எட்டு ஐம்பத்தெட்டு. அப்பாவு வாய்விட்டு அழுதார்.

ஆறாவது பொருள் என்னவென்று அடுத்த மாதம்தான் அவருக்குத் தெரிந்தது. வீட்டு வரி இரண்டு மடங்கு. மனுவும் கையுமாகக் கூட்டத்துக்கு ஓடினார்.

"இன்னாம்மா இது, நகராட்சி வேணும்னு கை தூக்கினவனே நான்தான்..." என்று ஆரம்பித்தார்.

தாயாரம்மாள் மேடையோரமாகப் பார்த்துத் தலையை அசைத்தார். அங்கே, நகராட்சியில் மாதச் சம்பளத்துக்குச் சேர்ந்திருந்த பலராமன், தவிலை மடிக்கு இழுத்துக்கொண்டார்.