வெட்டுக் கட்டத்தில் பூஜ்யம்

ஃப்ரெடி கம்பெனிக்குத் தர வேண்டிய பாக்கி பதினேழாயிரத்து நானூறு ரூபாய். டிசம்பர் மழையில் வீட்டுக்குள் இடுப்பளவு தண்ணீர் ஏறி, கட்டிலும் பிரிட்ஜும் மனைவி ரெஜினாவின் தையல் மெஷினும் ஊறி நாசமான பிறகு இருபதாயிரம் முன்பணம் வாங்கியிருந்தான். வேலை இருக்கும் நாளில் இருநூறு பிடித்துக்கொள்வார்கள், கூலி குறைந்தால் மீதியைக் கையிலிருந்து கட்ட வேண்டும். பதின்மூன்று நாள் பிடித்தாகிவிட்டது. இன்றைக்குப் பதினாலாவது நாள், கால் முறை. பேண்ட்டை முட்டி வரை மடித்துவிட்டுக்கொண்டு தன் நாற்காலியில் உட்கார்ந்திருந்தான்.

திருவொற்றியூர் நெடுஞ்சாலையை ஒட்டிய பழைய எண்ணெய்க் கிடங்குதான் கம்பெனி. டிரிம்மர் மெஷின் உதிரி உதிரியாக கண்டெய்னரில் வரும். மாடியில் பெண்கள் உட்கார்ந்து பூட்டுவார்கள். பூட்டிய ஒவ்வொரு லாட்டிலிருந்தும் எட்டு மெஷின் கீழே இறங்கி வரும். கீழே எட்டு பிளாஸ்டிக் நாற்காலி, எட்டு ஆம்பிளைகள், சுவர் நீளத்துக்குக் கண்ணாடி. தாடி, மார்பு, அக்குள், கால் என்று அன்றைக்கு யாருக்கு எது முறையோ அதில் ஓட்டிப் பார்க்க வேண்டும். வலது பக்கம் கம்பெனி மெஷின், இடது பக்கம் ஒப்பிட்டுப் பார்க்க வேறு கம்பெனியுடையது. நாற்காலிக்குக் கீழே வெள்ளைப் பேப்பர் விரித்திருக்கும். விழுந்த முடியை பிரஷ்ஷால் கூட்டி, நகைக்கடைத் தராசு மாதிரி ஒரு சின்னத் தராசில் நிறுத்து எழுதுவார்கள். எத்தனை நிமிஷம், சூடானதா, முடியைப் பிடித்து இழுத்ததா, தோலை வெட்டியதா. எல்லாவற்றுக்கும் ஷீட்டில் ஒரு கட்டம் இருந்தது.

மூஞ்சிக்கு நூற்றைம்பது, மார்புக்கு இருநூறு, இரண்டு காலுக்கும் சேர்த்து முந்நூற்றைம்பது. தாடி நாலைந்து நாளில் வந்துவிடும். கால் முடி வர ஒரு மாதம் ஆகும். முடி வளராத நாளில் ஃப்ரெடி காசிமேட்டில் ஐஸ் தூக்கினான். அதற்கு முன்னால் பத்தொன்பது வருஷம் துறைமுகத்தில் கண்டெய்னருக்குக் கம்பி பூட்டும் வேலை. கான்ட்ராக்ட் கைமாறியபோது நாற்பத்தைந்து வயதுக்கு மேலே இருந்தவர்களை நிறுத்திவிட்டார்கள். அங்கே அவனுக்குக் கரடி என்று பெயர். இங்கே வேலை கேட்டு வந்த நாளில் சூப்பர்வைசர் தண்டபாணி அவன் சட்டையைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "நாளைக்கே வந்துடு" என்றார். உடம்பில் உள்ள முடிக்காக ஒருத்தர் சந்தோஷப்பட்டதை ஃப்ரெடி அன்றைக்குத்தான் பார்த்தான்.

பக்கத்து நாற்காலி ஹுமாயூனுக்கு. புதுவண்ணாரப்பேட்டைக்காரன், பழைய தோஸ்து. அவனுக்கு அன்றைக்குத் தாடி முறை. வலது கன்னம் முடிந்து இடது கன்னம் பாக்கி இருக்கும்போது டீ நேரம் வந்துவிட்டது. வேலை பாதியில் நின்றால் அப்படியே எழுந்து போக வேண்டியதுதான். ரோட்டோரக் கடையில் டீ மாஸ்டர் அவனை ஏற இறங்கப் பார்த்தார்.

"இன்னா பாய், பாதி மூஞ்சிக்குத்தான் காசு குட்த்தாங்களா?"

"நீ பாதி கிளாஸ்தான நைனா ஊத்துற. அத்துக்கு இந்த மூஞ்சி போதும்."

ஃப்ரெடி சிரித்தான். காட்டுப்பள்ளித் துறைமுகத்துக்குக் கண்டெய்னர் ஏற்றிப் போகும் டிரெய்லர் லாரிகள் ஒன்றன்பின் ஒன்றாக நின்று புகை விட்டுக்கொண்டிருந்தன.

"விவசாயி மயைக்குக் காத்துகினு கீறான். நாம மயிருக்குக் காத்துகினு கீறோம்" என்றான் ஹுமாயூன். "உனுக்கு இன்னா மாமு, ஒடம்பு பூரா நஞ்சைதான். எனுக்குத் தாடிய வுட்டா பொட்டல்."

திரும்பி வந்து ஃப்ரெடி வலது காலை எடுத்து ஸ்டூல் மேல் வைத்தான். தண்டபாணி ஸ்டாப் வாட்சை அமுக்கிவிட்டு ஜன்னல் பக்கம் போய் போனில் பேசினார். கெண்டைக்கால் சுலபமாக வந்தது. கணுக்கால் மேட்டில் திருப்பும்போது எறும்பு கடித்த மாதிரி சுருக்கென்றது. மெஷினை எடுத்துப் பார்த்தான். பல்வரிசையின் ஓரத்தில் தகடு நகத்தளவு தூக்கிக்கொண்டு நின்றது. காலில் அரை விரல் நீளத்துக்குச் சிவப்புக் கோடு. முதலில் வெறும் கோடாக இருந்தது. பிறகு அது சொட்டியது.

ஹுமாயூன் கண்ணாடியிலிருந்து பார்வையை எடுக்கவில்லை. கையை மட்டும் கீழே இறக்கி, நாற்காலிக்கு அடியில் படிகாரக் கட்டியை நீட்டினான்.

எட்டுப் பேர் சட்டைப் பையிலும் அது இருந்தது. வெட்டுக் கட்டத்தில் ஒன்று என்று எழுதினால் அந்த லாட் நின்றுவிடும். பிளேடு மாற்றி மெஷின் திரும்ப வரும் வரைக்கும் எட்டுப் பேரும் சும்மா உட்கார்ந்திருக்க வேண்டும், அந்த நேரத்துக்குக் காசு கிடையாது. வெட்டுப்பட்டவனுக்குத் தோல் ஆறப் பத்து நாள் லீவு, அதற்கும் காசு கிடையாது. முதல் மாதத்தில் ஒருத்தன் ஒன்று என்று எழுதினான். அன்றைக்கு மற்ற ஏழு பேரும் அவனோடு டீ குடிக்கவில்லை. அதற்கப்புறம் யாரும் எழுதியதில்லை.

ஃப்ரெடி படிகாரத்தை எச்சில் தொட்டுத் தேய்த்தான். பல்லைக் கடித்துக்கொண்டான். ரத்தம் விழுந்த பேப்பர் மூலையை மடித்து உள்ளே தள்ளினான். தண்டபாணி வந்து நின்றபோது அவர் கண் மடிந்த மூலைக்குப் போய், அங்கே கொஞ்ச நேரம் நின்று, ஷீட்டுக்குத் திரும்பியது.

"வெட்டு?"

"இல்ல சார்."

வெட்டுக் கட்டத்தில் பூஜ்யம் போட்டுக் கையெழுத்துப் போட்டான். இருநூறு பிடித்துக்கொண்டு நூற்றைம்பது கொடுத்தார்கள்.

மறுநாள் விடிகாலையில் காசிமேட்டில் ஐஸ் பெட்டி தூக்கினான். மீன் கழுவிய தண்ணீரும் டீசலும் கலந்து கணுக்கால் வரைக்கும் நின்றது. மூன்று வருஷமாகச் சர்க்கரை உண்டு. மாத்திரை கையில் காசு இருக்கும் மாதத்தில் உண்டு. மூன்றாம் நாள் செருப்பு நுழையவில்லை. ரெஜினா காலை மடியில் தூக்கி வைத்துப் பார்த்தாள்.

"இன்னாய்யா இது, கன்னங்கரேல்னு கீது? இன்னா பட்டுச்சு?"

"ஒண்ணும் படல. ஐஸ் பொட்டி இடிச்சிருக்கும்."

"இடிச்சா இப்டியா நாத்தம் வரும்? எந்திரி, ஆஸ்பத்திரிக்குப் போலாம்."

"நாளைக்குத் தாடி முறைடி. அத்த முடிச்சிட்டு வந்துடுறேன்."

தாடி முறையும் முடித்தான். அன்றைக்குத் தண்டபாணி ஊரில் இல்லாததால் அந்த நாள் கூலியை அப்புறம் சேர்த்துத் தருவதாகச் சொன்னார்கள். ஐந்தாம் நாள் உடம்பு நெருப்பாகக் கொதித்தது. ரெஜினாவும் ஹுமாயூனும் ஆட்டோவில் தூக்கிப் போட்டுக்கொண்டு பெரியாஸ்பத்திரிக்குப் போனார்கள். அங்கே இருந்த இளம் டாக்டரம்மா இரண்டு நாள் காலைக் காப்பாற்றத்தான் பார்த்தார். மூன்றாம் நாள் ரெஜினாவை வராந்தாவுக்குக் கூட்டிப்போய், விஷம் மேலே ஏறுகிறது, முட்டிக்குக் கீழே எடுக்காவிட்டால் ஆளே இருக்க மாட்டார் என்று சொன்னார். ரெஜினா தாளில் கையெழுத்துப் போட்டாள்.

ஆறு வாரம் கழித்து, ஒரு பக்கம் ஊன்றுகோலும் ஒரு பக்கம் ரெஜினாவுமாக ஃப்ரெடி கம்பெனிக்கு வந்தான். வலது பேண்ட்டை மடித்து ஊக்குக் குத்தியிருந்தாள். ஆட்டோவில் வரும்போதே அவள் கணக்குப் போட்டிருந்தாள். இரண்டு லட்சம் தந்தால் ஒரு கட்டைக் கால் வாங்கலாம், வாசலில் ஒரு இட்லிக் கடை போட்டு அவனை உட்கார வைக்கலாம். அதைக் கேட்டு வாங்காமல் திரும்புவதில்லை என்று இருந்தாள்.

தண்டபாணி எழுந்து நின்று ஃப்ரெடியை உட்கார வைத்தார். அவர் முகம் வாடித்தான் இருந்தது. பீரோவைத் திறந்து ஃபைலை எடுத்து ஒரு ஷீட்டை உருவினார்.

"தேதியப் பாரும்மா. வெட்டு, பூஜ்யம். கீழே அவர் கையெழுத்து. மேலே இருக்கிறவங்க இத்தத்தான் பாப்பாங்க. அடுத்த நாள் ஐஸ் தூக்கப் போனார் இல்ல? அங்க பட்டிருக்கும்னு சொல்றாங்க."

"எல்லாரும் பூஜ்யம்தான சார் போடுவோம்" என்றான் ஃப்ரெடி. "உனுக்குத் தெரியாதா?"

"எனக்குத் தெரிஞ்சது பேப்பர்ல இல்லியேப்பா."

"பேப்பர் மூலைய மடிச்சி வெச்சாரு, நீ பாத்தியாமே!" என்று ரெஜினா மேஜையில் கை வைத்தாள். "பாய் கூட பக்கத்துல இருந்தாரு. அவர இட்டுனு வா. அவரு சொல்லட்டும்."

தண்டபாணி ஹுமாயூனைக் கூப்பிட்டார். அவன் சட்டையில்லாமல், பாதி மார்பு வழித்தபடி வந்தான். ஆஸ்பத்திரியில் பதினோரு நாள் ஃப்ரெடிக்கு மூத்திரச் சட்டி பிடித்தவன் அவன்தான்.

"ஹுமாயூன், நல்லா யோசிச்சு சொல்லு. அன்னிக்கு வெட்டுப்பட்டத நீ பாத்தியா? பாத்தேன்னா, தெரிஞ்சே பூஜ்யம் போட்டதா ஆவும். ஏழு மாசமா எட்டு பேர் போட்ட ஷீட்டும் பொய்யின்னு ஆவும். குடுத்த காசத் திருப்பிக் கேப்பாங்க. நான் மெரட்டலப்பா, நடக்கப் போறதச் சொல்றேன்."

ஹுமாயூன் மார்பில் ஒட்டியிருந்த துணுக்கு முடியைக் கையால் தட்டிவிட்டான். தட்டித் தட்டி அந்த இடம் சிவந்துபோனது.

"நான் என் மூஞ்சியத்தான் சார் பாத்துகினு இருந்தேன்."

"பாய்!" என்றாள் ரெஜினா.

"வுடு ரெஜினா" என்றான் ஃப்ரெடி. "அவனுக்கு மூணு பொண்ணு."

ஹுமாயூன் அவன் தோளைத் தொட வந்த கையைப் பாதியில் இறக்கிவிட்டு உள்ளே போனான். அந்தப் பக்கம் மெஷின் ஓடும் சத்தம் மறுபடி கேட்டது.

தண்டபாணி டைப் அடித்த ஒரு தாளை மேஜையில் வைத்து, ஒவ்வொரு வரியாக விரல் ஓட்டி வாசித்தார். கம்பெனிக்கு இதில் பொறுப்பு இல்லை. ஆனாலும் மனிதாபிமானத்தோடு பாக்கி முன்பணத்தைத் தள்ளுபடி செய்கிறது. தொழிலாளி இனிமேல் எதுவும் கேட்க மாட்டார். காயத்தைப் பற்றி வெளியில் யாரிடம் பேசினாலும் தள்ளுபடி செல்லாது, முழுத் தொகையும் உடனே கட்ட வேண்டும்.

"பாக்கி எவ்ளோ போட்டுக்கீது?" என்றான் ஃப்ரெடி.

"பதினேழாயிரத்து இருநூறு."

"கடைசியா தாடி முறைக்கு வந்தேனே, அந்த நூத்தம்பது?"

தண்டபாணி ஃபைலைப் புரட்டினார். "அதையும் கழிச்சா பதினேழாயிரத்து அம்பது. மாத்திப் போட்டுடறேன்." பேனாவால் திருத்தி, பக்கத்தில் சின்னதாகக் கையெழுத்துப் போட்டார்.

முன்பணம் வாங்கியபோது ரெஜினாவும் ஜாமீனுக்குக் கையெழுத்துப் போட்டிருந்தாள். ஃப்ரெடி அவளைப் பார்த்தான். அவள் ஜன்னலைப் பார்த்தாள். அவன் பேனாவை வாங்கிக்கொண்டான். கையெழுத்துப் போட்டதும் தண்டபாணி அட்வான்ஸ் நோட்டை விரித்து, அவன் பெயர் இருந்த பக்கத்தில் ஸ்கேல் வைத்துக் குறுக்கே சிவப்பு மையில் கோடு இழுத்தார். தாளின் நகலை ரெஜினாவிடம் கொடுத்தார். வாசல் வரைக்கும் வந்து கதவைத் திறந்து பிடித்துக்கொண்டார்.

வெளியே பெஞ்சில் வேலைக்கு வந்த புது ஆள் ஒருவன் உட்கார்ந்திருந்தான். முப்பது வயது இருக்கும். பேண்ட்டை முட்டி வரைக்கும் மடித்துவிட்டிருந்தான். கெண்டைக்கால் இரண்டிலும் கருகருவென்று முடி. ஊன்றுகோலையும் ஊக்குக் குத்திய பேண்ட்டையும் பார்த்துவிட்டு மரியாதையாக எழுந்து வழி விட்டான்.

"இன்னாண்ணே, டிரெய்லரா?"

அந்த ரோட்டில் கால் போனவனிடம் யாரும் கேட்கும் முதல் கேள்வி அது. ஃப்ரெடி அவன் கால்களைப் பார்த்தான். கதவைப் பிடித்தபடி தண்டபாணி நின்றிருந்தார். ரெஜினாவின் விரல்கள் தாளைச் சுருட்டி இறுக்கின.

"ஆமா" என்றான் ஃப்ரெடி. "டிரெய்லர்தான்."

"த்சு. இந்த ரோட்ல ஜாக்கிரதையா போணும்ணே" என்றான் அவன். பேண்ட்டை இன்னும் ஒரு சுற்று மேலே மடித்துக்கொண்டு, தண்டபாணி திறந்து பிடித்திருந்த கதவு வழியாக உள்ளே போனான்.