இரண்டு பேருக்கு ஓர் அறை

"ரெண்டு பேர் மச்சான். நல்லா எண்ணிப் பார்த்து எழுது. மூண்டாவது ஆள் இல்ல," என்றான் றிப்ஷான்.

நிதுர்ஷன் படிவத்தில் இரண்டு என்று எழுதினான். பாசிக்குடா ஹோட்டல் ஒன்றில் ஐந்து வருடம் வரவேற்பு மேசையில் நின்றுவிட்டு, மட்டக்களப்பு நகரில் சொந்தமாகத் தொடங்கிய சுற்றுலா முகவர் நிலையம் அது. ஒரு மேசை, மூன்று கதிரை. றிப்ஷான் அவனோடு பல்கலைக்கழகத்தில் படித்தவன். இப்போது ஏறாவூரில் கணித ஆசிரியர். ஹஸ்மியாவைக் கல்யாணம் முடித்து மூன்று மாதம்.

இந்தப் பக்கத்தில் கல்யாணம் முடித்தவன் பெண் வீட்டில்தான் போய் இருப்பான். தமிழரும் அப்படித்தான், முஸ்லிம்களும் அப்படித்தான். றிப்ஷான் போய்ச் சேர்ந்த வீட்டில் அவனோடு ஒன்பது பேர்.

"எங்கட கட்டிலுக்கும் மாமிட டீவிக்கும் நடுவுல ஒரு சுவர்தான்டா. நான் இருமினா அங்கால இருந்து கொத்தமல்லி அவிச்சுக்கொண்டு வாறா."

"நல்ல மாமிதானே."

"தங்கமான மாமி. அதுதான் கரைச்சல். எங்க போறண்டாலும் எல்லாரும் வேனுக்க ஏறிருவாங்க. அந்த இடத்தில ஒரே ஒரு அறைதான் இருக்கெண்டு வீட்டுல சொல்லியிருக்கன். யாரும் கேட்டா நீயும் அதையே சொல்லு."

றிப்ஷானின் போன் மேசையில் ஒளிர்ந்தது. எடுத்துப் பார்த்தான். சிரித்தான். என்ன என்று சொல்லவில்லை. சட்டைக் கொலர் மடிப்புக் குலையாமல் இருந்தது. யாரோ பொறுமையாக ஸ்திரி போட்டிருந்தார்கள். நிதுர்ஷன் அந்தக் கொலரையே பார்த்துக்கொண்டிருந்தான். ஆறு மாதமாக அவன் தன் சட்டைகளை உதறிவிட்டு அப்படியே போடுகிறான்.

பிறகு வேலையைப் பார்த்தான். நக்கிள்ஸ் மலைக்காட்டில், நீர்வீழ்ச்சிக்குக் கீழே இருந்த விடுதிக்கு அழைத்தான். முகாமையாளர் சிங்களவர், தமிழும் பேசுவார். கோழி எந்தக் கடையில் வாங்குவீர்கள்? பன்றி பொரித்த எண்ணெயில் மீன் பொரிப்பீர்களா? வேறு சட்டி இருக்கிறதா? அறைக் குளிர்பெட்டியில் பியர் வைப்பீர்களா? அந்தப் பெண் உடுப்போடு, ஆட்கள் பார்க்காத இடத்தில் குளிக்க முடியுமா? எல்லாவற்றுக்கும் பதில் வாங்கினான். கோழியை மாத்தளையில் ஒரு முஸ்லிம் கடையில் எடுப்பதாகவும், இவர்களுக்கென்று புதுச் சட்டி ஒன்றை ஒதுக்குவதாகவும் முகாமையாளர் ஒத்துக்கொண்டார். அருவிக்குப் பின்பக்கமாக ஒரு தடாகம் இருந்தது. காலையில் அங்கே யாரும் வருவதில்லை.

"நீ இல்லாட்டி நான் என்ன செய்வன்," என்று றிப்ஷான் எழுந்தான். கதவடியில் திரும்பி, "ஹஸ்மியாக்கு ஒருக்கா கோல் எடுத்து என்ன சாப்பாடெண்டு கேளு மச்சான். என்னட்டச் சொல்ல வெக்கப்படுறா," என்றான்.

போன வருடம் நிதுர்ஷனும் மனைவி ஆர்த்திகாவும் ஒரு நீர்வீழ்ச்சிக்குப் போனார்கள். அதற்கும் இரண்டு பேர் என்றுதான் எழுதியிருந்தான். தேற்றாத்தீவில் அவள் வீட்டிலிருந்து புறப்படும்போது வேனில் பதினொரு பேர். மாமியார் இராசாத்தி புளிச்சோறு கட்டிக்கொண்டு முன் சீட்டில் இருந்தார். அருவியடியில் ஆர்த்திகா தமக்கையின் பிள்ளையை இடுப்பில் வைத்திருந்தாள். அவன் சோற்றுச் சட்டியைக் காவிக்கொண்டு நின்றான். தண்ணீர் விழும் சத்தத்தில் அவள் அவன் காதருகே வந்து, "அடுத்தமுறை ஒருத்தருக்கும் சொல்லாம வருவம்," என்றாள். அவ்வளவுதான் அவர்களுக்குத் தனியாகக் கிடைத்தது. கார்த்திகையில் அவளுக்கு டெங்கு வந்தது. ஆஸ்பத்திரியில் நான்கு நாள். ஐந்தாம் நாள் அவள் இல்லை.

பின்னேரம் ஹஸ்மியாவின் இலக்கத்துக்கு அழைத்தான். அந்த வீட்டில் யாருடைய போன் அடித்தாலும் கிட்ட இருப்பவர் எடுப்பார். அவளுடைய உம்மாதான் எடுத்தார்.

"ஆர் மகன்? ஓ, மருமகன்ட கூட்டாளியா? நல்லதாப் போச்சு. அங்க ஒரு அறைதானாமே? பொய்யெண்டு நான் சொல்லல்ல. ஆனா அவ்வளவு பெரிய மலையில ஒரு அறையா இருக்கும்?"

இல்லை உம்மா, ஒன்றுதான் என்று சொல்ல வேண்டும். சொல்ல வாயும் திறந்தான். அந்தக் கொலர் கண்ணுக்குள் வந்தது.

"நாலு அறை இருக்கு உம்மா," என்றான். அதோடு விட்டிருக்கலாம். "வேனும் பிடிச்சுத் தரலாம்."

"மாஷா அல்லாஹ்! அப்ப நாங்க ஏழு பேரும் வாறம்."

ஒரு மணித்தியாலத்தில் றிப்ஷான் அழைத்தான்.

"என்னடா சொன்ன நீ?"

"கேட்டாங்க. சொன்னன்."

"அவ அழுறாடா."

நிதுர்ஷன் திட்டு வரும் என்று காத்திருந்தான். திட்டினால் திருப்பித் திட்டலாம். றிப்ஷான் மூச்சு விட்டான்.

"சரி விடு. நீ இருக்கிற நிலையில எல்லாத்தையும் ஞாபகம் வச்சிருக்க ஏலாதுதானே. குடும்பமாப் போயிட்டு வாறம். என்ன செய்யிற?"

அந்த இரக்கம் திட்டைவிட மோசமாக இருந்தது. மனைவியும் அவனுக்கு, பெருந்தன்மையும் அவனுக்கு.

ஆனாலும் வீட்டுக்குப் போகும் வழியில் மனதில் ஒரு திருப்தி இருக்கத்தான் செய்தது. வலதுபக்கம் வாவி அசையாமல் கிடந்தது. மோட்டார் சைக்கிளை மெதுவாக ஓட்டியபடி நடக்கப்போவதை நினைத்துப் பார்த்தான். உம்மா முன் சீட்டில். றிப்ஷான் கையில் புரியாணிச் சட்டி, மடிப்புக் குலைந்த கொலர். ஹஸ்மியாவின் இடுப்பில் யாருடையதோ பிள்ளை. அருவியின் சத்தத்தில் அவள் புருஷனின் காதருகே வருகிறாள். என்ன சொல்வாள்?

அவனுக்குத் தெரியும் என்ன சொல்வாள் என்று.

மோட்டார் சைக்கிளை ஓரத்தில் நிறுத்தினான். அந்த வசனம் ஆர்த்திகாவினுடையது. அவளிடமிருந்து அவனுக்கு மிஞ்சியது அது ஒன்றுதான். அதை இன்னொருத்தி இன்னொருவனின் காதில் சொல்வதா? சொல்லிவிட்டு, அடுத்த வருடம் உண்மையாகவே இரண்டு பேரும் தனியாகப் போவதா? அதைவிட அவர்கள் இப்போதே தனியாகப் போய்த் தொலையட்டும்.

அடுத்த நாள் கடையைத் திறந்ததும் உம்மாவுக்கு அழைத்தான்.

"உம்மா, ஒரு விசயம் சொல்ல மறந்திட்டன். அங்க அட்டை இருக்கு."

"என்ன அட்டை?"

"இரத்தம் குடிக்கிற அட்டை. மழைக்காடுதானே. நடந்தா ஒரு காலுக்கு இருபதாவது ஏறும்."

"யா அல்லாஹ்! உடுப்பெல்லாம் இரத்தமாகுமே. எப்படித் தொழுற?"

"மாத்துடுப்புக் கூடக் கொண்டு போங்க. ஒரு ஆளுக்கு ஆறு, ஏழு."

"பாத்றூமுக்க வராதுதானே?"

"போன மாசம் வந்ததெண்டுதான் சொன்னாங்க." யாரும் அப்படிச் சொல்லவில்லை.

மறுமுனையில் ஒரு கதிரை நகர்ந்தது. யாரிடமோ உம்மா "புள்ள, அட்டையாம்!" என்றார். ஒரு சின்னப் பெண் கிறீச்சிட்டாள்.

"அப்ப என்ட மகள்?"

"அவங்களுக்கு மேல்மாடி. அங்க ஏறாது."

"எங்களுக்கும் மேல்மாடியத் தாங்களன்."

"மேல்மாடியில ஒரே ஒரு அறைதான் உம்மா."



"இத நேத்தே சொல்லியிருக்கலாமே மகன்."

"ஓம் உம்மா. சொல்லியிருக்கலாம்."

"மறுகா நாங்க பாசிக்குடாக்குப் போறம். அங்க ஒண்டும் கடிக்காதுதானே?"

"வெயில்தான் கடிக்கும்," என்றான். உம்மா சிரித்துவிட்டார். பாசிக்குடாவில் ஏழு பேருக்கு இடமும் பிடித்துக் கொடுத்தான்.

வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து றிப்ஷானும் ஹஸ்மியாவும் புறப்பட்டார்கள். வாடகைக் கார், றிப்ஷான்தான் ஓட்டினான். பொலனறுவை தாண்டும்போது "போய்ட்டு வாறம் மச்சான்" என்று ஒரு செய்தி வந்தது. பிறகு ஒன்றும் வரவில்லை.

நிதுர்ஷனின் அனுபவத்தில், அனுப்பிய ஆட்கள் முதல் நாளே அழைப்பார்கள். சுடுதண்ணி வரவில்லை, மெத்தை கல், கறியில் உப்பில்லை, சிக்னல் இல்லை. சனிக்கிழமை எட்டு மணிக்கே வந்து கடையைத் திறந்து போனை மேசையில் வைத்தான். ஒன்பதாயிற்று. ஏதாவது ஒரு குறை வராதா என்று பார்த்தான். மழை கொட்டியிருக்கலாம். கோழி வேகாமல் இருந்திருக்கலாம். புதுப் பெண் வீட்டை நினைத்து அழுதிருக்கலாம். பத்தரை மணிக்கு, குறை கேட்பது தன் கடமை என்று தனக்கே சொல்லிக்கொண்டு விடுதிக்கு அழைத்தான்.

"வந்தாங்க மாத்தயா, நேற்று வந்தாங்க," என்றார் முகாமையாளர். "நல்ல ஆக்கள்."

"அருவிக்குப் போனாங்களா?"

"இல்ல, இன்னும் வெளிய வரல்ல. காலைச் சாப்பாடு வாசல்ல வைக்கச் சொன்னாங்க. வைச்சம். கொஞ்ச நேரத்தால பீங்கான் வெறுமையா இருந்திச்சு." அவர் சிரித்தார். "உள்ள சிரிக்கிற சத்தம் மட்டும் கேக்குது. ஏதும் சொல்ல வேணுமா? தட்டிக் கூப்பிடவா?"

நிதுர்ஷன் போனை மற்றக் காதுக்கு மாற்றினான். வெளியே ஏறாவூர் பஸ் ஹோர்ன் அடித்துக்கொண்டு போனது.

"வேணாம்," என்றான். "தட்டாதீங்க. பகல் சாப்பாட்டையும் வாசல்லயே வச்சிட்டு வாங்க."